கிளஸ்டரில் ஒரு நோடு காணவில்லை என்றால்: கேங்லியாவைப் புரிந்துகொள்வது எப்படி

64 கணினிகளை இணைத்து ஒன்றாக வேலை செய்யவைக்கும் ஒரு கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தால் 61 கணினிகள்தான் தெரிகின்றன. மீதி மூன்றும் செத்துவிட்டனவா? உள்ளே நுழைந்து பார்த்தால் மூன்றும் நன்றாகவே ஓடுகின்றன, அவற்றில் வேலைகளும் நடந்துகொண்டிருக்கின்றன. அப்படியானால் பக்கம் ஏன் அவற்றைக் காட்டவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை தேட, கண்காணிப்பு மென்பொருள் தகவலை எப்படிச் சேர்க்கிறது என்பது தெரிய வேண்டும். அது தெரியாமல் அமைப்புக் கோப்பில் கை வைத்தால், ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும். இந்தக் கட்டுரையில் கேங்லியா என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், மில்லேனியம் என்ற ஆய்வுத் திட்டத்தில் மேட் மாஸி உருவாக்கியது அது. அதன் வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2004இல் வெளியானது. புதிதாக அமைப்பவர்கள் இன்று பெரும்பாலும் புரோமீதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள் பக்கம் போகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் கிளஸ்டர் கண்காணிப்பின் அடிப்படையைக் கற்றுக்கொள்ள கேங்லியாவைப் போல நல்ல பாடம் வேறில்லை என்பது என் எண்ணம். அதன் பாகங்கள் குறைவு. ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து கேள்வி கேட்கலாம். பழைய கிளஸ்டர்கள் பலவற்றில் அது இன்னும் ஓடிக்கொண்டும் இருக்கிறது.

கேங்லியாவில் மூன்று பாகங்கள். ஒவ்வொரு நோடிலும், அதாவது கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியிலும், ஜிமான்டி என்ற சிறிய நிரல் பின்னணியில் ஓடும். சிபியு எவ்வளவு வேலை செய்கிறது, நினைவகம் எவ்வளவு மிச்சம், நெட்வொர்க்கில் எவ்வளவு போகிறது, வருகிறது என்பதையெல்லாம் அளந்து வெளியே சொல்வது அதன் வேலை. அடுத்தது ஜிமெட்டாடி. இது வழக்கமாக, கிளஸ்டரை நிர்வகிக்கும் தலைமைக் கணினியான ஹெட் நோடில் மட்டும் இருக்கும். ஜிமான்டிகளிடம் போய்த் தகவலைக் கேட்டு வாங்கி, அளவீடுகளைக் கால வரிசையில் சேமிக்கும் ஆர்ஆர்டி கோப்புகளில் எழுதி வைக்கும். மூன்றாவது, நாம் பிரவுசரில் பார்க்கும் பக்கம். அது பிஎச்பியில் எழுதப்பட்டது. ஜிமெட்டாடியிடம் கேட்டு, ஆர்ஆர்டி கோப்புகளிலிருந்து வரைபடம் வரைந்து காட்டுகிறது. அவ்வளவுதான்.

போர்ட் எண்கள் மூன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஜிமான்டிக்கு 8649. இது யுடிபி, டிசிபி என்ற இரண்டு நெட்வொர்க் நெறிமுறைகளிலும் உண்டு. யுடிபியில் நோடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், டிசிபியில் யாராவது வந்து கேட்டால் தன்னிடம் உள்ள முழுத் தகவலையும் எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவில் கொட்டும். ஜிமெட்டாடிக்கு 8651, 8652. இதில் இரண்டாவதைத்தான் இணையப் பக்கம் பயன்படுத்துகிறது. 8649 நினைவில் நிற்க ஒரு வழி இருக்கிறது: பழைய போன் பொத்தான்களில் யுனிக்ஸ் என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளை அழுத்தினால் வரும் எண் அது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கேங்லியாவில் எங்கேயும் நோடுகளின் பட்டியல் கிடையாது. புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். "புதிய நோடை எந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும்?" என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். எதிலும் சேர்க்க வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு இல்லாத ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு மாணவரும் தானாகவே 20 வினாடிக்கு ஒருமுறை எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறார். மற்ற எல்லோரும் யார் குரல் காதில் விழுந்தது என்று தத்தம் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து யாராவது வந்து, வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று எந்த மாணவரைக் கேட்டாலும், அவர் தன் நோட்டைப் பார்த்து முழு வகுப்பையும் ஒப்பித்துவிடுவார். ஜிமான்டி செய்வது இதைத்தான். 239.2.11.71 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, அதாவது ஒரே நேரத்தில் பலர் கேட்கக்கூடிய பொது முகவரிக்கு, தன் தகவலை அனுப்புகிறது. அதே முகவரியில் காது கொடுத்துக் கேட்கும் எல்லா ஜிமான்டிகளும் அதைப் பதிந்துகொள்கின்றன.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். பக்கத்தில் ஒரு நோடு "டவுன்" என்று வந்தால், அந்த நோடு செத்துவிட்டது என்று பொருள் அல்ல. அதன் குரல் கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை என்பது மட்டுமே பொருள். எவ்வளவு நேரம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஜிமான்டி தரும் எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு நோடுக்கும் டிஎன் (TN), டிமேக்ஸ் (TMAX) என்று இரண்டு எண்கள் இருக்கும். டிஎன் என்பது கடைசியாகக் குரல் கேட்டு எத்தனை வினாடி ஆயிற்று என்பது. டிமேக்ஸ் என்பது அடுத்த குரல் அதிகபட்சம் எத்தனை வினாடிக்குள் வர வேண்டும் என்பது. நோடுக்கு அது 20. டிஎன் அதைப்போல நான்கு மடங்கைத் தாண்டினால், அதாவது 80 வினாடி மௌனமாக இருந்தால், அந்த நோடை டவுன் என்று பக்கம் அறிவித்துவிடும்.

சரி, அமைப்புக்கு வருவோம். ஜிமான்டியின் அமைப்புக் கோப்பு நீளமாக இருந்தாலும் தொட வேண்டிய இடங்கள் சிலவே. கிளஸ்டர் பகுதியில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் "அன்ஸ்பெசிஃபைடு" என்றே பக்கத்தில் வரும். யுடிபி சென்ட் சேனல் என்ற பகுதி எங்கே அனுப்புவது என்பதையும், யுடிபி ரிசீவ் சேனல் எங்கே கேட்பது என்பதையும், டிசிபி அக்செப்ட் சேனல் யாராவது வந்து கேட்டால் எந்தப் போர்ட்டில் பதில் சொல்வது என்பதையும் தீர்மானிக்கின்றன.

கிளஸ்டர் பெயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்தப் பெயர், நோடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் பாக்கெட்டில் போவதில்லை. டிசிபியில் பதில் சொல்லும் ஜிமான்டி தன் கோப்பில் உள்ள பெயரை மேலே போட்டு, தான் கேட்ட எல்லா நோடுகளையும் அதன் கீழே அடுக்கிவிடும். ஆகவே ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கிளஸ்டர்கள் இருந்து, இரண்டும் அதே மல்டிகாஸ்ட் முகவரியையும் அதே போர்ட்டையும் பயன்படுத்தினால், பெயரை மட்டும் மாற்றி எந்தப் பயனும் இல்லை. இரண்டு கிளஸ்டரின் நோடுகளும் ஒன்றோடொன்று கலந்துதான் தெரியும். பிரிக்க வேண்டுமானால் ஒரு கிளஸ்டருக்கு 8649, இன்னொன்றுக்கு வேறு போர்ட் என்று அனுப்பும் பகுதியிலும் கேட்கும் பகுதியிலும் மாற்ற வேண்டும். யார் குரலை யார் கேட்கிறார்கள் என்பதே இங்கே உறுப்பினர் பட்டியல்.

ஜிமெட்டாடியின் கோப்பில் முக்கியமானது டேட்டா சோர்ஸ் என்ற ஒரு வரிதான். அதில் கிளஸ்டரின் பெயர், விருப்பப்பட்டால் எத்தனை வினாடிக்கு ஒருமுறை கேட்பது என்ற எண், அப்புறம் நோடுகளின் முகவரிகள். எண் கொடுக்காவிட்டால் 15 வினாடி. பலர் இங்கே 64 நோடுகளையும் வரிசையாக எழுதி வைப்பார்கள். தேவையே இல்லை. எந்த ஒரு நோடைக் கேட்டாலும் முழு வகுப்பையும் ஒப்பிக்கும் என்றேன் அல்லவா? இரண்டு அல்லது மூன்று முகவரி போதும். முதலாவது பதில் சொன்னால் அடுத்ததை ஜிமெட்டாடி தொடுவதில்லை. முதலாவது எட்டவில்லை என்றால்தான் இரண்டாவதுக்குப் போகும். இங்கே கொடுக்கும் பெயரும் ஜிமான்டி கோப்பில் உள்ள கிளஸ்டர் பெயரும் ஒன்றாகவே இருக்கட்டும், பின்னால் குழப்பம் வராது.

இப்போது முதல் கேள்விக்கு. மூன்று நோடுகளைக் காணோம். எங்கே தொடங்குவது?

பெரும்பாலானவர்கள் இணையப் பக்கத்தில் தொடங்கி, வெப் சர்வரான அப்பாச்சியை மறுதொடக்கம் செய்து, ஜிமெட்டாடியை மறுதொடக்கம் செய்து, கடைசியில் எல்லா நோடுகளையும் மறுதொடக்கம் செய்வார்கள். நான் சொல்வது, சங்கிலியின் நடுவில் தொடங்குங்கள். ஜிமெட்டாடி எந்த நோடைக் கேட்கிறதோ அந்த நோடின் 8649க்கு நெட்கேட் அல்லது டெல்நெட் மூலம் இணையுங்கள். எக்ஸ்எம்எல் மொத்தமும் திரையில் ஓடும். அதில் ஹோஸ்ட் என்று தொடங்கும் வரிகளை கிரெப் கட்டளையால் எண்ணுங்கள். 64 வந்து, எதன் டிஎன்னும் 80 வினாடியைத் தாண்டாமல் இருந்தால் நோடுகளும் நெட்வொர்க்கும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஜிமெட்டாடியிலோ இணையப் பக்கத்திலோ இருக்கிறது. 61 வந்தால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது, பக்கத்தைத் தொடவே வேண்டாம். பாதித் தேடல் இந்த ஒரே சோதனையில் முடிந்துவிடும்.

61தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். காணாமல் போன நோடு ஒன்றில் நுழைந்து, அங்கே ஜிமான்டி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடவில்லை என்றால், டிபக் நிலை 2 கொடுத்து முன்னணியில் ஓடவிடுங்கள். அமைப்புக் கோப்பில் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால்கூட அது எந்த வரி என்று திரையிலேயே சொல்லும். ஓடுகிறது என்றால், அதே நோடின் 8649ஐக் கேளுங்கள். அது தன்னை மட்டும் காட்டி வேறு யாரையும் காட்டவில்லை என்றால், தன் குரல் மட்டுமே அதன் காதில் விழுகிறது என்று அர்த்தம். அதாவது, மல்டிகாஸ்ட் வெளியே போகவில்லை அல்லது உள்ளே வரவில்லை. இதற்குக் காரணங்கள் சில உண்டு.

ஃபயர்வால் எளிதான காரணம். 8649 டிசிபியைத் திறந்துவிட்டு யுடிபியை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ள நோடு அடுத்த காரணம். ஹெட் நோடு கிட்டத்தட்ட எப்போதும் இப்படித்தான் இருக்கும்: ஒரு கார்டு வெளியுலகுக்கு, ஒரு கார்டு கிளஸ்டருக்கு உள்ளே. மல்டிகாஸ்ட் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லாவிட்டால், லினக்ஸ் அதை வழக்கமான வழியில், அதாவது வெளியுலகுப் பக்கம் அனுப்பிவிடும். உள்ளே இருக்கும் நோடுகள் ஹெட் நோடை ஒருபோதும் கேட்காது. இதைச் சரிசெய்ய, சென்ட் சேனலிலும் ரிசீவ் சேனலிலும் எம்காஸ்ட் இஃப் என்ற அமைப்பில் உள் கார்டின் பெயரைக் கொடுக்கலாம். இல்லையென்றால் 239.2.11.71க்கு மட்டும் உள் கார்டு வழியாக ஒரு ரூட் சேர்க்கலாம். சரியான கார்டில் பாக்கெட் போகிறதா என்று டிசிபிடம்ப் வைத்து யுடிபி 8649ஐப் பார்த்தால் சந்தேகமே இருக்காது.

அப்புறம், மல்டிகாஸ்டின் டிடிஎல், அதாவது ஒரு பாக்கெட் எத்தனை தாவல் போகலாம் என்ற எண், இயல்பாக 1. அது ரவுட்டரைத் தாண்டாது. வேறு சப்நெட்டில் உள்ள நோடுகளை இந்த வழியில் கேட்க முடியாது.

மிகவும் அலைக்கழிக்கும் காரணம் சுவிட்சில் இருக்கிறது. அறிகுறி இதுதான்: ஜிமான்டியை மறுதொடக்கம் செய்தவுடன் எல்லா நோடுகளும் வந்துவிடும். நிம்மதியாக எழுந்து போவீர்கள். சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக மறையும். மறுபடி மறுதொடக்கம், மறுபடி வரும், மறுபடி மறையும். மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று தோன்றும், ஆனால் அதில் எந்தத் தவறும் இல்லை. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி உள்ள சுவிட்ச், மல்டிகாஸ்டைக் கேட்க விரும்பும் போர்ட்டுகளுக்கு மட்டும் அனுப்பும். ஜிமான்டி தொடங்கும்போது "நானும் இந்தக் குழுவில் சேர்கிறேன்" என்று ஒருமுறை சொல்கிறது, சுவிட்ச் அதைக் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு காலாவதி ஆகாமலிருக்க, நெட்வொர்க்கில் யாராவது அவ்வப்போது "இன்னும் இருக்கிறீர்களா?" என்று விசாரிக்க வேண்டும். அதைச் செய்பவருக்குக் குவெரியர் என்று பெயர். பொதுவாக ரவுட்டர்தான் அதைச் செய்யும். தனித்து இருக்கும் கிளஸ்டர் நெட்வொர்க்கில் ரவுட்டர் இருக்காது, எனவே விசாரிக்க ஆளில்லை. நெறிமுறையின் இயல்பான கணக்குப்படி 260 வினாடியில் குறிப்பு அழிந்துவிடுகிறது. நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எல்லாம் நின்றுபோவதற்குக் காரணம் அதுதான். சுவிட்சிலேயே குவெரியரை இயக்கலாம், அல்லது அந்த விஎல்ஏஎன்னில் (சுவிட்சுக்குள் பிரித்துவைத்த நெட்வொர்க்கில்) ஸ்னூப்பிங்கை நிறுத்தலாம். முன்னது நல்லது.

மல்டிகாஸ்டோடு இவ்வளவு போராட விருப்பம் இல்லாவிட்டாலோ, கிளவுடைப் போல மல்டிகாஸ்டே இல்லாத இடத்தில் வேலை செய்தாலோ, ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் அனுப்பும் யூனிகாஸ்டுக்கு மாறலாம். சென்ட் சேனலில் மல்டிகாஸ்ட் முகவரிக்குப் பதில் ஹோஸ்ட் என்று போட்டு ஹெட் நோடின் முகவரியைக் கொடுத்து, ஹெட் நோடின் ரிசீவ் சேனலில் மல்டிகாஸ்ட் முகவரி வரும் வரிகளை நீக்கினால் போதும். எல்லா நோடுகளும் ஹெட் நோடிடம் மட்டும் பேசும், ஜிமெட்டாடியும் அதை மட்டும் கேட்டால் போதும். ரவுட்டரைத் தாண்டியும் வேலை செய்யும். பெரிய கிளஸ்டரில் ஒவ்வொரு நோடும் மற்ற எல்லோரையும் நினைவில் வைத்துக்கொள்ளும் சுமையும் குறையும்.

ஆனால் யூனிகாஸ்டில் ஒரு பொறி இருக்கிறது. கேங்லியா 3.1 பதிப்பிலிருந்து ஒவ்வோர் அளவீடும் இரண்டு விதப் பாக்கெட்டாகப் போகிறது. ஒன்று, இந்த அளவீட்டின் பெயர் என்ன, அலகு என்ன என்ற விவரம். மற்றது வெறும் மதிப்பு. விவரத்தை அறியாத ஜிமான்டிக்கு மதிப்பு மட்டும் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மல்டிகாஸ்டில் புதிய குரல் ஒன்று கேட்டவுடன் மற்றவர்கள் விவரத்தை மறுபடி சொல்லிவிடுவார்கள். யூனிகாஸ்டில் அனுப்புபவருக்கு யாருடைய குரலும் கேட்காதே! ஹெட் நோடில் ஜிமான்டியை மறுதொடக்கம் செய்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும், நோடுகளுக்கோ அது தெரியாது. விளைவு, எல்லா நோடுகளும் பக்கத்திலிருந்து காணாமல் போகும், அல்லது பெயர் மட்டும் இருந்து வரைபடம் வெறுமையாக இருக்கும். இதைத் தவிர்க்க, குளோபல்ஸ் பகுதியில் சென்ட் மெட்டாடேட்டா இன்டர்வல் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது மறுபடி அனுப்பாதே. யூனிகாஸ்டுக்கு மாறும்போது எல்லா நோடுகளிலும் இதை 30 போன்ற ஓர் எண்ணாக மாற்றியே ஆக வேண்டும்.

அதன் பிறகும் மறுதொடக்கம் செய்த சிறிது நேரத்துக்கு சிபியு எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சிபியு எண்ணிக்கை, மொத்த நினைவகம் போன்ற மாறாத மதிப்புகளை 1200 வினாடிக்கு ஒருமுறைதான் ஜிமான்டி அனுப்பும். 20 நிமிடம் பொறுத்தால் தானாக வந்துவிடும். லோடு போன்றவையும் நொடிக்கு நொடி போவதில்லை. 20 வினாடிக்கு ஒருமுறை அளந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறியிருந்தாலோ 90 வினாடி ஆகியிருந்தாலோ மட்டும் அனுப்பும். நெட்வொர்க்கை வீணாக நிரப்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது.

நோடு வேறு பெயரில் தெரிவதும், ஒரே நோடு இரண்டு பெயரில் தெரிவதும் உண்டு. கேட்கும் ஜிமான்டி, பாக்கெட் வந்த ஐபி முகவரியைத் தலைகீழ் டிஎன்எஸ்ஸில் (முகவரியைக் கொடுத்தால் பெயர் தரும் சேவையில்) தேடித்தான் பெயர் வைக்கிறது. டிஎன்எஸ்ஸையோ ஹோஸ்ட்ஸ் கோப்பையோ சரிசெய்வதே முறை. அவசரத்துக்கு ஓவர்ரைட் ஹோஸ்ட்நேம் என்ற அமைப்பில் பெயரை நேராகக் கொடுக்கலாம்.

ஒருவேளை 8649இல் 64 நோடுகளும் இருந்து, பக்கத்தில் மட்டும் காணோம் என்றால்? ஜிமெட்டாடியை டிபக் நிலையில் ஓடவிட்டுப் பாருங்கள். ஜிமான்டியை எட்ட முடிகிறதா என்று தெரியும். நோடு பெயர்கள் தெரிந்து வரைபடம் மட்டும் வராவிட்டால், ஆர்ஆர்டி கோப்புறையின் உரிமையைச் சரிபாருங்கள். ஜிமெட்டாடி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அவருக்கு அங்கே எழுத அனுமதி இருக்க வேண்டும். பக்கமே பிழை காட்டினால் அந்தப் பிழைச் செய்தியின் கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். "கனெக்‌ஷன் ரெஃபியூஸ்ட்" என்றால் 8652இல் கேட்க ஆளில்லை, அதாவது ஜிமெட்டாடி ஓடவில்லை. "பர்மிஷன் டினைடு" என்றால் ஜிமெட்டாடி ஓடினாலும் பக்கத்தை அதனிடம் போகவிடாமல் லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இ லினக்ஸ் தடுக்கிறது. வெப் சர்வர் நெட்வொர்க்கில் இணைய அனுமதிக்கும் பூலியனை (ஆம்/இல்லை அமைப்பை) இயக்கினால் சரியாகிவிடும். எஸ்இ லினக்ஸையே அணைத்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அது வேண்டாம்.

எதிர்மாறான சிக்கலும் வரும். கழற்றி எடுத்துப்போன நோடு மாதக்கணக்கில் பக்கத்தில் சிவப்பாக நிற்கும். இதைத் தீர்மானிப்பது குளோபல்ஸ் பகுதியில் உள்ள ஹோஸ்ட் டிமேக்ஸ் (host_dmax) என்ற எண். முன்பு பார்த்த டிமேக்ஸுடன் (TMAX) இதைக் குழப்பிவிடாதீர்கள். இதில் உள்ள d என்ற எழுத்து டெலிட் என்பதைக் குறிக்கும். அது 0 என்றால் மௌனமான நோடை ஜிமான்டி ஒருபோதும் மறக்காது, 86400 என்றால் ஒரு நாளில் மறந்துவிடும். உடனே நீக்க வேண்டுமானால், மல்டிகாஸ்டில் எல்லா நோடுகளிலும் ஜிமான்டியை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றின் நினைவிலும் அந்தப் பெயர் இருக்கிறது. யூனிகாஸ்டில் ஹெட் நோடு ஒன்றே போதும்.

கடைசியாக, கிளஸ்டர் வளரும்போது வரும் ஒரு தொல்லை. ஆர்ஆர்டி கோப்பின் அளவு எப்போதும் ஒன்றுதான். ஒரு நாளுக்கு 15 வினாடி நுணுக்கத்திலும், 14 நாளுக்கு ஒரு நிமிட நுணுக்கத்திலும், ஓராண்டுக்கு 10 நிமிடச் சராசரியிலும் வைத்துக்கொண்டு, பழையதன் மேலேயே புதியதை எழுதும். புதிய பதிப்புகளின் இயல்பு அமைப்பு இது. ஆகவே வட்டு நிரம்பாது. ஆனால் நோடு ஒன்றுக்கு, அளவீடு ஒன்றுக்கு ஒரு கோப்பு. 1000 நோடு, ஒவ்வொன்றிலும் 30 அளவீடு என்றால் 30,000 கோப்புகளில் சிறு சிறு எழுத்துகள் ஓயாமல் விழும். சுழலும் வட்டு அதைத் தாங்காது. வரைபடங்களில் இடையிடையே வெள்ளை இடைவெளிகள் விழத் தொடங்கும். நோடுகளில் கோளாறு தேடும் முன், ஹெட் நோடில் ஐஓஸ்டாட் போட்டு வட்டு மூச்சுத் திணறுகிறதா என்று பாருங்கள். ஆர்ஆர்டி கேஷ்டி என்ற நிரல், எழுத வேண்டியதை நினைவகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும். அதை நிறுவலாம், அல்லது ஆர்ஆர்டி கோப்புறையை, நினைவகத்திலேயே இயங்கும் கோப்பு அமைப்பான டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைக்கலாம். டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைத்தால், மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும் என்பதால், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் அவ்வப்போது வட்டுக்கு நகல் எடுக்கும்படி செய்துவிடுங்கள்.